முண்டந்துறையில் எட்டு நாள்: கணக்கெடுப்புக் குறிப்புகள்

முதல் நாள்

முகாமுக்கு வந்து சேரும்போது மணி நாலரை. இங்கே சிக்னல் கிடையாது. அதனால் ராத்திரி நோட்டில் எழுதி வைத்து, கீழே இறங்கிய பிறகு நாளுக்கு ஒன்றாகப் பதிவிடுகிறேன். அன்றன்றைக்கு என்ன தோன்றியதோ அது அப்படியே இருக்கட்டும், பின்னால் தெரிந்துகொண்டதை வைத்து முன்னால் எழுதியதைத் திருத்தப் போவதில்லை.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் புலி, மற்ற ஊனுண்ணிகள், அவை தின்னுகிற மான், மிளா, காட்டுமாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து நடக்கிற கணக்கெடுப்பு இது. வனத்துறை ஆட்களோடு தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த அன்றே விண்ணப்பித்துவிட்டேன். 1988-இல் அறிவிக்கப்பட்ட காப்பகம், தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. தாமிரபரணி பிறக்கிற மலை. இவ்வளவு நாள் அந்த ஆற்றைக் கீழே இருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

காலை முழுவதும் முண்டந்துறையில் பயிற்சி. முதல் ஒரு மணி நேரம், ஏன் இப்படி எண்ணுகிறோம் என்பதற்கே போனது, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒரு காலத்தில் புலியின் காலடித் தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, பிளாஸ்டர் அச்சு எடுத்து, இது இன்ன புலி என்று தலை எண்ணினார்கள். ஆனால் ஈர மண்ணில் ஒரு அளவு, காய்ந்த மண்ணில் இன்னொரு அளவு, ஒரே புலி இரண்டாகிவிடும், இரண்டு புலி ஒன்றாகிவிடும். ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருக்க, காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது 2005 வாக்கில் வெளியே வந்தது. அதற்கப்புறம் முறையே மாறிவிட்டது. புதிய முறையில் எடுத்த 2006-ஆம் ஆண்டுச் சுற்றில் நாடு முழுவதற்கும் வந்த மதிப்பீடு 1,411. 2022-இல் குறைந்தபட்சம் 3,167, சராசரி மதிப்பீடு 3,682. நாங்கள் எல்லாரும் கணக்கெடுப்பு கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், பயிற்சி கொடுத்த உயிரியலாளரோ கடைசிவரை 'மதிப்பீடு' என்ற சொல்லை விடவே இல்லை.

வேலை இரண்டு பகுதி. நாளை முதல் மூன்று நாள், தினமும் குறைந்தது 5 கிலோமீட்டர் தடங்களில் நடந்து ஊனுண்ணிகளின் அடையாளங்களைப் பதிய வேண்டும். பிறகு மூன்று நாள் காலையில், 2 கிலோமீட்டர் நேர்கோடு ஒன்றில் நடந்து கண்ணில் படுகிற தாவர உண்ணிகளை எண்ண வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது, வாசனை எதுவும் பூசக் கூடாது, பேச்சே கூடாது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். நான், கல்லூரியில் படிக்கிற இன்னொரு தன்னார்வலர், வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவர். காவலர்களில் மூத்தவர் காணிக்காரர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர், இந்த மலையிலேயே பிறந்தவர். எல்லாரும் அவரை அண்ணே என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெயர்களை எழுதப் போவதில்லை.

புலியைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மனசு முழுக்க இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது.

இரண்டாம் நாள்

விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். அண்ணன் முன்னால், அடுத்து வனக்காப்பாளர், நடுவில் நாங்கள் இருவர், கடைசியில் இளைய காவலர். போனில் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி ஓடிக்கொண்டே இருக்கும், நாம் நடக்கிற பாதையை அதுவே ஜிபிஎஸ்ஸில் வரைந்துகொள்ளும். தடமோ எச்சமோ பார்த்தால் நின்று, படம் எடுத்து, என்ன விலங்கு, புதிதா பழையதா என்று பதிய வேண்டும். போன் என் கையில்.

முதல் ஒரு மணி நேரத்தில் நானாகக் கண்டுபிடித்தது யானை லத்தி மட்டும். அண்ணன் அதே பாதையில் நாலு இடத்தில் நின்றார். மருத மரத்தின் பட்டையில் ஆள் உயரத்துக்கு மேலே கரடி ஏறிய நகக்கீறல், தேனுக்காக ஏறியிருக்கிறது. ஒரு பாதைச் சந்திப்பில் செந்நாய்க் கூட்டத்தின் எச்சம், ஒரே இடத்தில் ஏழெட்டுக் குவியல், உள்ளே மான் முடி. அப்புறம் சருகை விலக்கி மண்ணைச் சுரண்டிய நீளமான ஒரு தடயம். சிறுத்தை, என்றார். பின்னங்கால்களால் சுரண்டிவிட்டு அதன் மேலேயோ பக்கத்திலேயோ மூத்திரம் பெய்து, நான் இங்கே இருக்கிறேன் என்று மற்றதுக்குச் சொல்கிற வழி அது. அதன் மேல் நான் காலை வைக்கப் போனேன், அவர் கையை நீட்டித் தடுத்தார்.

மூன்றாவது கிலோமீட்டரில் அண்ணன் சட்டென்று கையைத் தூக்கினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை. பிறகு மூங்கில் ஒடியும் சத்தம், ஒரே ஒரு தடவை. காற்று எங்களிடமிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, அதனால் அப்படியே பின்வாங்கி, மேட்டில் ஏறி, சுற்றிக்கொண்டு போனோம். நாற்பது நிமிடம் கூடுதலானது. யானையை யாருமே பார்க்கவில்லை. இதைப் பார்க்காமலே கடந்துவந்ததில் அண்ணனுக்கும் வனக்காப்பாளருக்கும் அவ்வளவு நிம்மதி.

கால் வலி. மாத்திரை போட்டுவிட்டுப் படுக்கிறேன்.

மூன்றாம் நாள்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

ஓடைக்கரை மணலில் பெரிய தடம். என் உள்ளங்கையை விரித்து மேலே பிடித்துப் பார்த்தேன், உள்ளங்கை அதற்குள் அடங்கிவிட்டது என்றுகூடச் சொல்வேன். நகப் பதிவு இல்லை, அதனால் நாயினம் கிடையாது, பூனையினம். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செயலியைத் திறந்து 'புலி' என்ற இடத்தில் விரலை வைக்கப் போனேன்.

அண்ணன் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு தடம் இருந்தது, அவற்றையும் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, புலின்னு போடாதீங்க."

ஏன் என்று கேட்டேன். மணலில் ஈரம் ஏறி ஓரமெல்லாம் சரிந்திருக்கிறது, அதனால் தடம் விரிந்து பெரிதாகத் தெரிகிறது, ஈரம் படாத மேட்டில் இருக்கிற மூன்றாவது தடத்தைப் பாருங்கள், அது இவ்வளவுதான் என்று விரலால் காட்டினார். உண்மையாகவே அது சின்னதாக இருந்தது. பெரிய ஆண் சிறுத்தையாக இருக்கலாம், குட்டிப் பருவம் தாண்டிய புலியாகவும் இருக்கலாம். வனக்காப்பாளர் அளவு நாடாவை வைத்து மூன்றையும் அளந்தார், ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்தார், இனம் உறுதியில்லை என்று பதியச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம் இருந்தது, கோபம்கூட லேசாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் யாரோடும் பேசவில்லை. நடந்துகொண்டே யோசித்தபோது சரிஸ்கா கதை ஞாபகம் வந்தது. அங்கே யாரும் ஒரே நாளில் இல்லாத புலியை ஏட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். இதே மாதிரி ஓடைக்கரையில் நின்று, இதே மாதிரி சிலிர்த்துப்போய், இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையோடு ஒருவர் ஒரு தடத்தை எழுதியிருப்பார், அடுத்த வருஷம் இன்னொருவர், அதற்கடுத்த வருஷம் மேலதிகாரி போன வருஷத்தைவிட ஏன் குறைவு என்று கேட்டிருப்பார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. என் விரலும் இன்றைக்கு அந்த இடத்துக்குப் போய்த்தான் திரும்பியது.

ராத்திரி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, "இருக்கிறது இருக்கும் தம்பி, நாம எழுதினா வராது" என்றார்.

நான்காம் நாள்

எச்சம் ஒன்று கிடைத்தது. பெரியது, முடியும் எலும்புத் துணுக்குமாக, காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. எச்சத்தின் வெளிப்பரப்பில் அந்த விலங்கின் குடல் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து எந்த இனம், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடலாம், உள்ளே இருக்கிற முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் எதைத் தின்றது என்பதும் தெரிந்துவிடும். வனக்காப்பாளர் கையுறை போட்டு ஒரு பகுதியை எடுத்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா மணிகளோடு பையில் போட்டு மூடி, தேதியும் இடமும் எழுதினார். புலியா என்று நான் கேட்கவில்லை. ஆய்வகம் சொல்லட்டும்.

சாயந்திரம் பேச்சு வேறு பக்கம் போனது. 1987-இல் இதே மலைத்தொடரில், அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் புஷ்பாங்கதன் என்ற அறிவியலாளரின் குழு களப்பயணம் போனது. மலை ஏறி ஏறி அவர்கள் ஓய்ந்துபோக, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்து, பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதை வைத்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமை விற்கப்பட்டபோது வந்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிற சம்பவம் இது. நான் இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு அந்தச் செடி தெரியும், மருந்து விவகாரமும் தெரியும்.

என்னை இதில் இழுப்பது இந்த விஷயம்தான்: களப்பயணத்தில் அறிவியலாளரோ தன்னார்வலரோ கையில் கருவியோடு போகிறோம், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுகிறவரின் கண்ணில் இருக்கிறது. இந்த நான்கு நாளில் நாங்கள் பதிந்தவற்றில் நான் முதலில் பார்த்தது எத்தனை என்று எண்ணினேன். யானை லத்தியைக் கழித்துவிட்டால் இரண்டு. அண்ணனின் வேலை தற்காலிகப் பணி, வருஷக்கணக்காக அப்படியே. அறிக்கையின் நன்றியுரையில் 'களப்பணியாளர்கள்' என்று ஒரு சொல்லில் இப்படிப்பட்ட அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தாம் நாள்

இன்று முதல் லைன். காட்டில் 2 கிலோமீட்டருக்கு நேராக ஒரு கோடு, மரங்களில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் மெதுவாக அதில் நடக்க வேண்டும். விலங்கைப் பார்த்தால் என்ன இனம், கூட்டத்தில் எத்தனை, காம்பஸில் அது எந்தத் திசை, ரேஞ்ச்ஃபைண்டரில் எவ்வளவு தூரம். கூட்டமாக இருந்தால் அதன் நடுவுக்கு அளக்க வேண்டும்.

கணக்கு எளிமையானது, அழகானது. கோட்டின் மேலேயே நிற்கிற விலங்கை நாம் தவறவிட மாட்டோம். தள்ளிப் போகப் போக, புதரும் நிழலும் மறைக்க, பார்க்கிற வாய்ப்பு குறையும். எவ்வளவு தூரத்தில் எத்தனை பார்த்தோம் என்பது சரியாகத் தெரிந்தால், நாம் பார்க்காமல் விட்டது எத்தனை இருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். பார்த்த விலங்கை வைத்துப் பார்க்காத விலங்கையும் எண்ணுகிறோம். அதனால்தான் தூரத்தைக் குத்துமதிப்பாக இருபது முப்பது என்று எழுதக் கூடாது, நம்மைக் கண்டு ஓடிய பிறகு நின்ற இடத்தை அளக்கக் கூடாது, முதலில் பார்த்தபோது எங்கே நின்றதோ அங்கேதான் அளக்க வேண்டும்.

முதல் பதிவு புள்ளிமான், ஒன்பது. அடுத்து கருமந்தி, பிறகு ஒரு மலை அணில். நான் காம்பஸ் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல மாணவி எழுதினார். கோட்டின் திசையோடு ஒப்பிடும்போது மான் கூட்டம் எங்களுக்குப் பின்னால் இருந்ததாக வந்தது! வனக்காப்பாளர் என் கையைப் பார்த்தார். காம்பஸும் போனும் ஒரே கையில் ஒட்டிப் பிடித்திருந்தேன், போனில் இருக்கிற காந்தம் முள்ளை இழுத்துவிட்டது. மூன்று திசையும் தவறு. தூரம் சரியாக இருந்தாலும் கோணம் தவறென்றால் கோட்டிலிருந்து விலங்கு எவ்வளவு தள்ளி நின்றது என்பது தவறாகிவிடும். கருமந்தியும் அணிலும் இருந்த மரங்கள் தெரியும் என்பதால் திரும்பிப் போய் அளந்தோம். மான்கள் நின்ற இடம் எங்கள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, அந்தப் பதிவில் கோணத்தை அடித்துவிட்டுக் காரணத்தை எழுதினோம்.

ஒன்பது மான். நினைக்க நினைக்க ஆறவில்லை. இனி போன் பைக்குள், காம்பஸ் தனிக் கையில்.

ஆறாம் நாள்

ஒன்றுமே இல்லை.

அதே கோடு, அதே நேரம், அதே நடை. நேற்று மான்கள் நின்ற திறந்தவெளியில் பனி மட்டும் இருந்தது. ஒரு பறவைக் கூட்டம் மேலே போனது, அவ்வளவுதான். 2 கிலோமீட்டர் முடிந்தபோது தாளில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் தவிர எதுவும் இல்லை. மாணவி தாளை மடித்துப் பையில் வைக்கப் போனார். வனக்காப்பாளர் வாங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சுழியம் போடச் சொன்னார். வெறும் கட்டமாக விட்டால் பார்க்கவில்லையா, நடக்கவே இல்லையா, எழுத மறந்ததா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. நடந்தோம், பார்த்தோம், இல்லை என்பது வேறு செய்தி. நடந்த தூரம் கணக்கில் சேரும், இன்றைய சுழியத்தை விட்டுவிட்டு நேற்றைய ஒன்பதை மட்டும் கொடுத்தால் இந்தக் காட்டில் இருப்பதைவிட இரண்டு மடங்கு மான் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

நான் எழுதினேன். புள்ளிமான் 0, மிளா 0, காட்டுமாடு 0, கேளையாடு 0, காட்டுப்பன்றி 0. எழுத எழுத மனசு கனத்துப்போனது, காடே காலியானது மாதிரி ஒரு பயம். அண்ணன் அதற்கும் ஒன்று சொன்னார்: மேலே ஈரக்காட்டுக்குப் போனால் இப்படித்தான் பல நாள் இருக்கும், மான் குறைவு, அதனால் புலியும் ஒவ்வொன்றும் பெரிய எல்லை வைத்துக்கொண்டு குறைவாகவே இருக்கும், அது அந்தக் காட்டின் இயல்பு. மற்ற காப்பகங்களின் எண்ணிக்கையோடு இதை வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று எனக்கும் படுகிறது. மழையைப் பிடித்து ஆறாக இறக்கி விடுகிற மலைக்கு, உன்னிடம் எத்தனை புலி என்ற ஒரே கேள்வியை வைத்து மதிப்புப் போட முடியாது.

மதியம் தாவரக் கணக்கு. கோட்டில் 400 மீட்டருக்கு ஒரு இடம், அங்கே 15 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மரங்கள், 5 மீட்டருக்குள் புதர்கள், 1 மீட்டருக்குள் புல் பூண்டு. வேங்கை, பூமருது, கடுக்காய், நெல்லி என்று அண்ணன் சொல்லிக்கொண்டே போனார், பட்டையைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை அவருக்கு. இரண்டு இடத்தில் புதர் என்ற கட்டத்தில் உண்ணிச்செடி மட்டும். பூ அழகாக இருக்கும், ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது, புல் இல்லாத இடத்துக்கு மான் வராது. அந்தப் புல் இல்லாத இடங்களுக்கும் இன்றைய சுழியத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு நாள் நடந்துவிட்டுச் சொல்ல முடியாது. பல வருஷத் தாள்கள் சேர்ந்தால் சொல்லலாம்.

ஏழாம் நாள்

கடைசி லைன். 1,300 மீட்டர் தாண்டியதும் ஒரு மிளா, பெட்டை, தனியாக. காதுகள் எங்களை நோக்கித் திரும்பியிருந்தன. காம்பஸ், தூரம், எண்ணிக்கை, எல்லாவற்றையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோதும் அங்கேயே நின்றது. 34 மீட்டர். ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. இதை முதலில் பார்த்தது நான்.

பிறகு 2 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் கொண்ட பட்டைகளில் குனிந்து உட்கார்ந்து புழுக்கை எண்ணினோம். முயல், மான், மிளா, முள்ளம்பன்றி. முழங்கால் வலித்தாலும் எழுந்திருக்க மனமே வரவில்லை, நேற்று கண்ணில் படாத அத்தனையும் இங்கே தரையில் எழுதியிருந்தது. மிளா புழுக்கைக் குவியல் மட்டும் ஆறு.

வரும் வழியில் தானியங்கிக் கேமராக்கள் இரண்டைக் காட்டினார்கள். பாதைக்கு இரு பக்கமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில். புலியின் இடது பக்கக் கோடுகளும் வலது பக்கக் கோடுகளும் வேறு வேறு, இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் இது அந்தப் புலி என்று அடையாளம் வைக்க முடியும். அண்ணன் கேமரா முன்னால் வளர்ந்திருந்த ஒரு புல்லைக் கிள்ளி எறிந்துவிட்டு நடந்தார். காற்றில் அது ஆடினால் கேமரா ஆயிரம் வெற்றுப் படம் எடுத்து பேட்டரியைத் தீர்த்துவிடுமாம்.

எட்டாம் நாள்

கீழே இறங்கிவிட்டோம். முண்டந்துறையில் எல்லாக் குழுவும் கூடியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, புலி பார்த்தீர்களா. ஒரு குழு வெகு அருகில் குரல் மட்டும் கேட்டிருக்கிறது, இன்னொரு குழுவுக்குக் கரடி எதிரே வந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை.

போனிலிருந்த தரவுகளை இறக்கிக்கொண்டு, தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார் அந்த உயிரியலாளர். அடிக்கப்பட்ட கோணத்தில் நின்று, ஓரத்தில் எழுதிய காரணத்தைப் படித்தார், தலையாட்டினார். ஆறாம் நாள் தாள் வந்தது. "இது நடந்து பார்த்துப் போட்ட சுழியமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம் மூன்று பேரும் ஒரே நேரத்தில். பென்சிலால் ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அண்ணனிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தேடினேன். மதிய ஜீப்பிலேயே முகாமுக்குத் திரும்பிவிட்டாராம், நாளை காலை வழக்கமான ரோந்து.